சொந்த வீடு, தனியார் தெரு: ரெடிங் அருகே ஒரு வீடு வாங்கிய நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றங்கரை நகரமான ரெடிங்கை ஒட்டிய ஒரு சிறு குடியிருப்பில் 2024 செப்டம்பர் முதல் 2025 இறுதி வரை நடந்தவை இங்கே பதிவாகின்றன. வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்த குடும்பம். சில இடங்களுக்கு நானும் கூடப் போனேன், ஆவணங்களைப் படித்தேன். அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

கணவருக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறார். இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்து சில ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருந்தவர்கள். நிரந்தர வசிப்புரிமை கிடைத்திருந்தது. மகளுக்கு நான்கு வயது. 2024 செப்டம்பரில் வீட்டுக்காரர், வரும் கோடைக்குள் வீட்டை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். இன்னொரு வாடகை வீடு தேடுவதா, சொந்தமாக வாங்குவதா என்று யோசித்து, வாங்குவது என்று முடிவு செய்தார்கள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. முதல்முறை வீடு வாங்குவோர் 4,25,000 பவுண்டு வரை ஸ்டாம்ப் டியூட்டி கட்ட வேண்டியதில்லை என்ற சலுகை 2025 மார்ச் 31 வரைதான். ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு 3,00,000 பவுண்டாக இறங்கும். 2024 அக்டோபர் 30 பட்ஜெட்டில் நீட்டிப்பு வரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. அன்றிலிருந்து மார்ச் 31 என்ற தேதி இவர்கள் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் உட்கார்ந்திருந்தது.

வீடும் தெருவும்

அக்டோபரில் பார்த்தது 26 வீடுகள் கொண்ட ஒரு க்ளோஸ். அதாவது ஒரு பக்கம் மட்டும் வழி உள்ள முட்டுச் சந்து. 2017இல் கட்டப்பட்டது. மூன்று படுக்கையறை, பக்கச் சுவர் ஒட்டிய இரட்டை வீடு, பின்னால் சிறு தோட்டம். தெரு முடிவில் புல்வெளி, இரண்டு ஊஞ்சல், மழைநீர் தேங்கி மெல்ல வடியும்படி வெட்டிய ஒரு குளம். கேட்ட விலை 4,30,000 பவுண்டு. "ஃப்ரீஹோல்ட்", அதாவது நிலமும் சேர்த்து முழு உரிமை, என்று ஏஜென்ட் இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

லீஸ்ஹோல்ட் என்றால் நிலம் வேறொருவருடையது, ஆண்டுக் கணக்கு ஓடும், தரைவாடகை இருக்கும் என்பதெல்லாம் நம்மவர்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். லண்டனில் ஃபிளாட் வாங்கிச் சிக்கிய உறவினர் ஒருவராவது எல்லோருக்கும் இருக்கிறார். அதனால் ஃப்ரீஹோல்ட் என்று கேட்டதும் மனம் லேசாகிவிடுகிறது. இவர்களுக்கும் அப்படித்தான். 4,18,000 பவுண்டுக்குப் பேசி முடித்தார்கள்.

மனைவி ஒரு வாரநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் மறுபடி அந்தத் தெருப் பக்கம் போனார். பள்ளி நேரத்து நெரிசல் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் போனது. அன்று குப்பை எடுக்கும் நாள். சக்கரம் வைத்த தொட்டிகள் எதுவும் அவரவர் வீட்டு வாசலில் இல்லை. 26 வீட்டுத் தொட்டிகளும் க்ளோஸ் தொடங்கும் முனையில் வரிசையாக நின்றன. கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) லாரி முனையில் நின்று எடுத்துக்கொண்டு போய்விட்டது, உள்ளே வரவில்லை. அதே இடத்தில் தார்ச்சாலை முடிந்து செங்கல் பாவிய தரை தொடங்குகிறது. விளக்குக் கம்பங்களும் அங்கிருந்து வேறு மாதிரி. இதை அவர் கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பி, "இது ஏன் இப்படி?" என்று கேட்டார்.

உட்தெருவைக் கவுன்சில் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் பதில். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, கட்டுமான நிறுவனமும் கவுன்சிலும் ஒப்பந்தம் போட்டுப் புதுத் தெருவைப் பொதுச்சாலையாக்கலாம். கட்டாயம் கிடையாது. கவுன்சிலுக்குப் பராமரிப்புச் செலவு மிச்சம். கட்டுபவருக்குக் கவுன்சிலின் அளவுகோலுக்குத் தெரு போடும் செலவும், எதிர்காலப் பராமரிப்புக்கு முன்பணம் கட்டும் செலவும் மிச்சம். நடுவில் நிற்பது வீடு வாங்குபவர், பராமரிப்புச் செலவு அவர் தலையில். போட்டிக் கண்காணிப்பு ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, 11 பெரிய கட்டுமான நிறுவனங்கள் 2021-22இல் விற்ற புது வீடுகளில் 80 விழுக்காட்டுக்கு இப்படிப் பராமரிப்புக் கட்டணம் உண்டு. சராசரி ஆண்டுக்கு 350 பவுண்டு. ஆக இது விதிவிலக்கான தெரு இல்லை. புதிதாக எழும் ஆங்கிலக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான்.

கவுன்சில் வசூலிக்கும் வீட்டு வரியான கவுன்சில் டாக்ஸில் இதற்காக ஒரு பென்னி குறையாது. வீடு எந்தப் பிரிவில் வருகிறது என்பதை 1991 ஏப்ரல் 1 அன்றைய விலையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், 2017இல் கட்டிய வீட்டுக்கும் அதே தேதிதான். பிறக்காத வீட்டுக்கு ஜாதகம் எழுதுவது போன்ற இந்தக் கணக்கை இங்கே யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை.

ஊரிலிருந்து வந்த பணம், வராமல் நிறுத்திய வீடு

பத்து விழுக்காடு டெபாசிட் 41,800 பவுண்டு. பெரும்பகுதி சேமிப்பு. மனைவியின் அப்பா தஞ்சாவூரிலிருந்து 6 லட்சம் ரூபாய் அனுப்பினார். அப்போது 7 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 விழுக்காடு டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள் என்பதால் அந்த வரம்புக்குள் நிறுத்திக்கொண்டார்கள். இங்குள்ள சொலிசிட்டர் (வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர்), கொடுத்தவரின் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரமும், "இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எனக்குப் பங்கு இல்லை" என்ற கடிதமும் கேட்டார். பெரியவருக்கு அது மனத்தாங்கல். "என் பொண்ணுக்கு நான் குடுக்குற பணத்துக்கு எவனுக்கு நான் கணக்குக் காட்டணும்?" என்றார். இரண்டு வாரம் கழித்துத்தான் கையெழுத்துப் போட்டார். கறுப்புப் பணத் தடுப்பு விதி எல்லோருக்கும் பொது என்று மருமகன் விளக்கியது எடுபடவில்லை, மகள் பேசியதுதான் எடுபட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் அதே தொலைபேசிப் பேச்சில் தற்செயலாக வெளியே வந்தது. தை பிறந்ததும் தஞ்சாவூர் வீட்டை மகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்று அவர் எண்ணியிருந்தார். பத்திர எழுத்தரிடமும் பேசியாகிவிட்டது. முதல்முறை வாங்குவோர் சலுகைக்கு, உலகில் எந்த நாட்டிலும் வீடு சொந்தமாக இருந்திருக்கக் கூடாது. சேர்ந்து வாங்கும் இருவருக்குமே இது பொருந்தும். அதோடு, வேறு எங்காவது 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு இருந்தால் கூடுதல் தீர்வையும் உண்டு. அது 2024 அக்டோபர் 31 முதல் 3 விழுக்காட்டிலிருந்து 5 ஆகியிருந்தது. தஞ்சாவூர் வீட்டின் மதிப்பு 60 லட்சம், அதாவது ஏறக்குறைய 56,000 பவுண்டு. பத்திரம் தையில் பதிவாகியிருந்தால், பூஜ்யமாக இருந்த ஸ்டாம்ப் டியூட்டி 29,300 பவுண்டு ஆகியிருக்கும்: சலுகை போனதால் 8,400, கூடுதல் தீர்வை 20,900. கணவர் பெயரில் திருச்சிக்கு வெளியே ஒரு மனை இருந்தது. அது வெறும் நிலம், வீடு இல்லை என்பதால் அதற்குச் சிக்கல் இல்லை. செட்டில்மென்டை வீடு கைக்கு வரும்வரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். நிறுத்தினார்.

ஆவணங்களில் தெரிந்தது

சர்வேயில், அதாவது வீட்டின் நிலையைப் பரிசோதித்த அறிக்கையில், பெரிதாக எதுவும் இல்லை. குளியலறை விசிறிக் குழாய் கூரைக்குள்ளேயே முடிகிறது என்பது போன்ற சில்லறைகள். பத்து ஆண்டு கட்டடக் காப்புறுதியில் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மிச்சம் இருந்தது. மகளின் பள்ளி விண்ணப்பத்தை வாடகை வீட்டு முகவரியிலிருந்தே ஜனவரி 15க்குள் போட்டுவிட்டார்கள்.

"மாப்பிள்ளை, ஈசி போட்டுப் பாத்தீங்களா?" என்று மாமனார் வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தார். வில்லங்கச் சான்று பற்றிய அந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்வது நிலப் பதிவேடு. அது மூன்று பகுதி: சொத்து எது, உரிமையாளர் யார், அதன் மேல் என்ன சுமை. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பணம் கட்டி எடுக்கலாம்; 3 பவுண்டாக இருந்தது, 2024 டிசம்பரில் 7 ஆனது. டிசம்பர் நடுவில் சொலிசிட்டர் அனுப்பிய பதிவேட்டில் இரண்டு இடங்களை அவர் மஞ்சள் பூசியிருந்தார்.

முதலாவது, உரிமையாளர் பகுதியில் ஒரு தடை. குடியிருப்புப் பராமரிப்பு நிறுவனம் சான்று தராமல் இந்த வீட்டை யார் பெயருக்கும் மாற்றிப் பதிய முடியாது. பாக்கி இருந்தால் சான்று வராது.

இரண்டாவதுதான் கனமானது. கட்டணத்தை வெறும் ஒப்பந்தமாக எழுதாமல் 'ரென்ட்சார்ஜ்' என்ற பழைய வடிவத்தில் நிலத்தின் மேலேயே ஏற்றியிருந்தார்கள். 1977ஆம் ஆண்டுச் சட்டம் புதிய ரென்ட்சார்ஜ்களைப் பெரும்பாலும் தடை செய்தது. ஆனால் பொது இடப் பராமரிப்புக்கானவற்றை விட்டுவைத்தது. இப்படி ஏற்றிவிட்டால் 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 121ஆம் பிரிவு கூடவே வந்துவிடும்: கட்டணம் 40 நாள் தாமதமானால், கட்டணத்துக்கு உரியவர் அந்த வீட்டின் மேல் தனக்குச் சாதகமாக ஒரு குத்தகையை உருவாக்கிக்கொள்ளலாம். பாக்கி எவ்வளவு சிறியது என்பது கணக்கில்லை. 2016இல் மேல் தீர்ப்பாயத்துக்குப் போன ஒரு வழக்கில், ஆண்டுக்கு 15 பவுண்டைத் தாண்டாத பாக்கிக்காக 99 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. அதைப் பதிவு செய்ய வேண்டியதுதான் என்று தீர்ப்பும் வந்தது. வீடு உங்களுடையதாகவே இருக்கும். ஆனால் அதன்மேல் 99 ஆண்டுக் குத்தகைக்காரர் ஒருவர் இருப்பார். அப்படி ஒரு வீட்டை யார் வாங்குவார், எந்த வங்கி கடன் கொடுக்கும்?

நடைமுறையில் பராமரிப்பு நிறுவனங்கள் இந்த ஆயுதத்தை எடுப்பது அரிது. இருந்தாலும் கடன் கொடுக்கும் வங்கிகள் அதைப் படித்துவிட்டன. இவர்களின் வங்கி, 121ஆம் பிரிவு பொருந்தாது என்று திருத்தப் பத்திரம் எழுதித் தர வேண்டும், அல்லது நடவடிக்கைக்கு முன் வங்கிக்கு அறிவிப்பு தருவதாக உறுதி வேண்டும் என்றது. இரண்டும் இல்லாவிட்டால் கடன் இல்லை.

ஜனவரியில் பராமரிப்பு ஏஜென்சியின் தகவல் கட்டு வந்தது. அதற்கே விற்பவர் சில நூறு பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. ஆண்டுக் கட்டணம் வீட்டுக்கு 240 பவுண்டு. உச்சவரம்பு கிடையாது, செலவில் 26இல் ஒரு பங்கு, அவ்வளவுதான். லீஸ்ஹோல்ட்காரர் கட்டணம் நியாயமா என்று 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் கேட்கலாம். ஃப்ரீஹோல்ட்காரருக்கு அந்த வழி அப்போது இல்லை. 2024 மே மாதம் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது என்றாலும், அந்தப் பகுதி இவர்கள் வாங்கும் நேரத்தில் நடைமுறைக்கு வரவில்லை. அந்தத் தகவல் கட்டில் இருந்த மூன்று ஆண்டுக் கணக்கில் சேமிப்பு நிதி என்ற வரிக்கு எதிரே பூஜ்யம் இருந்தது.

மூன்று வழிகள்

பிப்ரவரி முதல் வாரம் சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு இருவரும் பேசினார்கள். அன்று நானும் இருந்தேன்.

விலகிவிடுவது ஒரு வழி. சர்வே, அரசுப் பதிவுகளில் தேடல், சொலிசிட்டர் என்று அதுவரை போட்ட ஏறத்தாழ 1,500 பவுண்டு போகும். அதற்குப் பிறகு வேறு வீடு பார்த்து மார்ச்சுக்குள் முடிக்க முடியாது. இந்த விஷயத்தில் கண்டிப்பு குறைந்த வேறு வங்கியைப் பிடித்து, கட்டணத்தை டைரக்ட் டெபிட்டில் போட்டு, தாமதமே ஆகாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. கணவருக்கு இதில் சாய்வு. "நாம ஒழுங்காக் கட்டப்போறோம், அப்புறம் என்ன?" என்றார். மார்ச் 31 தாண்டினால் 3,00,000க்கு மேலுள்ள 1,18,000க்கு 5 விழுக்காடு, அதாவது 5,900 பவுண்டு கட்ட நேரும் என்பது அவர் கவலை. அது நியாயமான கவலை.

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "நாம விக்கும்போது வாங்குறவங்க வங்கி இதையேதான் கேக்கும். அப்ப இந்தப் பத்திரத்துக்கு நாம அலையணும். இப்ப விக்கிறவங்களுக்கும் அவசரம் இருக்கு, நமக்கும் இருக்கு. கேட்டா இப்பத்தான் கேக்கணும்." ஆக, திருத்தப் பத்திரம் வாங்கியே தீருவது என்பது மூன்றாவது வழி.

என் பார்வையில் மனைவி சொன்னதில் சட்டத்தைவிட நேரம் பற்றிய கணிப்பு முக்கியம். இங்கே ஒப்பந்தப் பரிமாற்றம் (கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்வது) ஆகும்வரை இரு தரப்பும் எந்த நேரமும் விலகலாம். விற்பவர்கள் ஒரு வயதான தம்பதியின் ஒற்றைத் தள வீட்டை வாங்கக் காத்திருந்தார்கள், அந்தத் தம்பதி மகள் ஊருக்குப் போகக் காத்திருந்தார்கள். இந்தச் செயினில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லோருக்கும் நட்டம். மார்ச் தேதி இவர்களை மட்டுமல்ல, எதிர்த் தரப்பையும் அதே அளவு நெருக்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வழியையே எடுத்தார்கள். பத்திரச் செலவை விற்பவர் ஏற்க வேண்டும் என்று சொலிசிட்டர் மூலம் கடிதம் போனது. "நாங்கள் வாங்கியபோது யாரும் கேட்கவில்லை" என்று பதில் வந்தது. 2017இல் கேட்டிருக்க மாட்டார்கள்தான். பராமரிப்பு ஏஜென்சியோ மின்னஞ்சலுக்குத் தானியங்கிப் பதிலைத் தவிர வேறெதுவும் தரவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர்

முட்டுக்கட்டை நகர்ந்தது அலுவலக வழியில் இல்லை. நிறுவனங்களின் பதிவகத்தில் எந்த நிறுவனத்தின் இயக்குநர்கள் யார் என்பதையும் கணக்கையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மனைவி பார்த்தார். கட்டணம் வசூலித்துக் கடிதம் எழுதும் ஏஜென்சி வேறு, ரென்ட்சார்ஜுக்கு உரிமையுள்ள நிறுவனம் வேறு என்பது தெரிந்தது. இரண்டாவது நிறுவனத்தில் 26 வீட்டு உரிமையாளர்களும் உறுப்பினர்கள். கட்டுமான நிறுவனத்தின் ஆட்கள் 2020இலேயே விலகிவிட்டார்கள். மிஞ்சியிருந்த ஒரே இயக்குநர் அதே தெருவில் குடியிருப்பவர். ஏஜென்சி அவர்கள் அமர்த்திய கூலி ஆள், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு முற்பகல் கணவனும் மனைவியும் மகளோடு அந்தத் தெருவில் நடந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது இங்கே அவ்வளவு பழக்கமில்லை. அதனால் புல்வெளிப் பக்கமாகச் சும்மா சுற்றினார்கள். பணி ஓய்வு பெற்ற ஒருவர் குளத்தின் ஓரத்தில் நீள ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நீர் வெளியேறும் குழாயின் கம்பி வலையில் அடைத்திருந்த இலைகளைக் கொத்துக்கோலால் இழுத்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்லி, எந்த வீட்டை வாங்க இருக்கிறோம் என்று சொன்னதும், "அப்படியென்றால் அடுத்த ஆண்டு இந்த வேலை உங்களுக்கு" என்றார். அவர்தான் இயக்குநர்.

அரை மணி நேரம் குளக்கரையில் நின்றே பேசினார்கள். இரண்டு விஷயம் தெரியவந்தது. ஒன்று, பத்திரத் திருத்தத்துக்கு ஏஜென்சியிடமிருந்து தனக்கு எந்தத் தகவலும் வரவில்லை, வந்தால் கையெழுத்துப் போடத் தடையில்லை என்றார். கம்பெனிச் சட்டப்படி ஒரே இயக்குநர் சாட்சி முன் கையெழுத்திட்டால் பத்திரம் செல்லும். மற்றொன்று குளம். கட்டியவர்கள் போனதிலிருந்து அது தூர்வாரப்படவே இல்லை. மண் ஏறி, ஆழம் பாதியாகிவிட்டது. 2024 ஜனவரியில் பெரிய மழைக்குப் பிறகு தண்ணீர் கடைசி இரண்டு வீட்டு வேலி வரை வந்திருக்கிறது. தூர்வார ஒப்பந்தக்காரர் சொன்ன விலை ஏறத்தாழ 5,000 பவுண்டு. நிதியில் பணமில்லை. ஆக எப்போதாவது தனி வசூல் வரும் என்பதை மறைக்காமல் சொன்னார்.

எந்தத் தேடல் அறிக்கையிலும் இது இல்லை. வெள்ள அபாய அறிக்கையில் அந்த இடம் 'குறைந்த அபாயம்' என்றுதான் இருந்தது, ஆற்றை வைத்துப் பார்த்தால் அது சரியும்கூட.

மார்ச்

அந்தச் சந்திப்புக்குப் பின் இவர்கள் சொலிசிட்டர் திருத்தப் பத்திரத்தின் வரைவை நிறுவனத்தின் பதிவு முகவரிக்கே அனுப்பினார். பெரியவர் ஏஜென்சியின் வழக்கறிஞரிடம் காட்டச் சொன்னார். அதற்கான கட்டணம் 480 பவுண்டும் வாட் வரியும் சேர்த்து 576. விற்பவர் முழுதாகத் தர மறுத்தார். கடைசியில் ஆளுக்குப் பாதி. குளத்தைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாமா என்று கணவர் கேட்டார். ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கை வைத்தால் எதிர்த் தரப்பு கோபத்தில் இரண்டையும் தட்டிவிடும் என்று மனைவி தடுத்தார்.

மார்ச்சில் நாடெங்கும் சொலிசிட்டர் அலுவலகங்கள் திணறின. எல்லோருக்கும் ஒரே கெடு. மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒப்பந்தப் பரிமாற்றம் நடந்தது. டெபாசிட் போன பிறகு இனி விலகினால் அந்தப் பணம் போகும் என்ற நிலை. கையெழுத்தான திருத்தப் பத்திரம் சொலிசிட்டர் கையில் காத்திருந்தது. மார்ச் 28, வெள்ளிக்கிழமை பிற்பகல் சாவி கிடைத்தது. கெடுநாளான திங்கட்கிழமைக்கு முந்தைய வேலைநாள் அது. ஸ்டாம்ப் டியூட்டி பூஜ்யம்.

குடிபுகுந்த பின்

மே மாதம் புதுக் கட்டண அறிவிப்பு வந்தது: 240 பவுண்டு 312 ஆகியிருந்தது. குளத்துக்காக வீட்டுக்கு 190 பவுண்டு தனி. எதிர்பார்த்ததுதான் என்பதால் இவர்கள் வீட்டில் பதற்றமில்லை. தெருவில் பலருக்கு அது இடி. எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, குளத்துக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று முனை வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். மேட்டு வீட்டுக் கூரைத் தண்ணீரும் அந்தக் குளத்துக்குத்தான் போகிறது என்று வடிகால் வரைபடத்தைக் காட்டிப் பெரியவர் பதில் சொன்னார். ஜூலையில், தண்ணீர் வற்றியிருந்தபோது, தூர்வாரி முடித்தார்கள்.

செப்டம்பரில் தேவாலய மண்டபத்தில் ஆண்டுக் கூட்டம். 26 வீட்டில் 9 வீட்டார் வந்தார்கள். பெரியவருக்கு இதய அறுவை சிகிச்சை நிச்சயிக்கப்பட்டிருந்தது. கூட இன்னொருவர் வேண்டும் என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மனைவி கையைத் தூக்கினார். கணவருக்கு அது அன்றுவரை தெரியாது; வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றிப் பேச்சு நீண்டதாகக் கேள்வி.

இயக்குநரானதும் அவர் முதலில் கேட்டது பில்களை. ஏஜென்சி முழுக் கட்டைத் தரச் சில நினைவூட்டல்கள் தேவைப்பட்டன. புல் வெட்டும் செலவு பரவாயில்லை. தெருவிளக்கு மின்சாரத்தில்தான் இடறியது. எட்டு விளக்குக்குக் கட்டணம் போய்க்கொண்டிருந்தது, தெருவில் உள்ளது ஏழு. எட்டாவது தார்ச்சாலைப் பகுதியில் நிற்கிறது, அது கவுன்சிலுடையது. தொகை பெரிதில்லை. ஆனால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. மின் நிறுவனம் பழைய ஆண்டுகளுக்கான பணத்தைத் திருப்பித் தந்தது. மூன்று மாத முன்னறிவிப்போடு ஏஜென்சியை மாற்றப் பெரும்பான்மை வாக்கு கிடைத்தது. வரும் ஆண்டு வரவுசெலவில் சேமிப்பு நிதிக்கென வீட்டுக்கு 60 பவுண்டு சேர்த்திருக்கிறார்கள். மற்ற 25 வீட்டுப் பத்திரங்களிலும் 121ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. ஒரே மாதிரி வரைவை எல்லோருக்கும் சேர்த்துச் செய்தால் செலவு குறையும் என்று சுற்றறிக்கை விட்டார். இதுவரை 11 வீட்டார் சம்மதித்திருக்கிறார்கள்.

தஞ்சாவூர் வீட்டின் செட்டில்மென்ட் ஆவணியில் பதிவானது.

மாற்றிச் செய்யக்கூடியவை

நிலப் பதிவேட்டையும், 2017இல் கட்டுமான நிறுவனம் முதல் உரிமையாளருக்கு எழுதிக்கொடுத்த மாற்றுப் பத்திரத்தையும் விலை பேசும் முன்பே எடுத்திருக்க வேண்டும். சில பவுண்டு செலவில் அக்டோபரிலேயே தெரிந்திருக்கும். டிசம்பர் வரை காத்திருந்ததில் இரண்டு மாதம் போனது. திருத்தப் பத்திரம் தருவதை விலையோடு சேர்த்து நிபந்தனையாக வைத்திருந்தால் அந்த 288 பவுண்டும் இவர்கள் கையை விட்டுப் போயிருக்காது. பராமரிப்புத் தகவல் கட்டு வர வாரங்கள் ஆகும். ஆகவே, விற்பவரிடம் அதை முதல் நாளே ஆர்டர் செய்யச் சொல்வது நல்லது. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். சேமிப்பு நிதி எவ்வளவு, குளமோ பாலமோ எதைக் கடைசியாக எப்போது பழுதுபார்த்தார்கள் என்று கேட்பவர் குறைவு.

பராமரிப்பு நிறுவனம் குடியிருப்பவர்களுடையதா, வெளியாருடையதா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இங்கே அது குடியிருப்பவர்களுடையதாக இருந்ததால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் வேலை நடந்தது, பிறகு ஏஜென்சியையும் மாற்ற முடிந்தது. நிலமும் உரிமையும் வெளி நிறுவனத்திடம் உள்ள தெருவாக இருந்திருந்தால், இதே தம்பதிக்கு நான் விலகச் சொல்லியிருப்பேன், 1,500 பவுண்டு போனாலும்.

குளத்துக்காக விலை குறைக்கக் கேட்காதது சரியா என்பதில் வீட்டுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. கேட்டிருந்தால் ஆயிரமாவது கிடைத்திருக்கும் என்கிறார் கணவர். கேட்டிருந்தால் மார்ச் 28 கிடைத்திருக்காது என்கிறார் மனைவி.